மலையில் எடுத்த படம் ஏன் கெட்டது? கோளாறைப் பார்த்துத் துணைக்கருவி வாங்கும் வழி

கேமரா வாங்கிய அன்றே கடைக்காரர் இன்னொரு பட்டியலையும் நீட்டுவார். யூவி ஃபில்டர், ட்ரைபாட், பை, துடைக்கும் துணி, எல்லாம் சேர்த்து ஒரு காம்போ. மலையேறும்போது அதில் பாதி பையின் அடியிலேயே கிடக்கும், மீதிப் பாதி வேலைக்கு ஆகாது. முதலில் கெட்டுப்போன படங்களை எடுத்துப் பாருங்கள். எப்படிக் கெட்டிருக்கிறது என்று தெரிந்தால் எதை வாங்கவேண்டும் என்பதும் தெரியும், சில சமயம் எதையுமே வாங்க வேண்டாம் என்பதும் தெரியும்.

கீழே ஒவ்வொரு தலைப்பும் ஒரு கோளாறு. உங்களுடையது எதுவோ அங்கே நேராகப் போய்விடலாம். வால்பாறை, கொழுக்குமலை, மேகமலை, நீலகிரி மாதிரி மழையும் மூடுபனியும் ஏற்றமும் உள்ள இடங்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். ராஜஸ்தான் மணலுக்குப் போகிறவர்களுக்கு இதில் பாதிதான் உதவும்.

படம் முழுக்க வெளிறி, மங்கலாக இருக்கிறது

வெளியே மூடுபனி இருந்ததா இல்லையா என்பதை முதலில் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கோளாறு லென்ஸில். கேமராவிலிருந்து லென்ஸைக் கழற்றி, பின்பக்கமாக ஒரு சின்ன டார்ச்சை அடித்து, முன்பக்கத்தில் சாய்வாகப் பாருங்கள். கீழே சொல்லும் மூன்று கோளாறுகளில் ஒன்று தெரியும்.

முன் கண்ணாடியின் மேல் மட்டும் ஆவி படிந்திருந்தால், அதுவும் துடைத்ததும் திரும்ப வந்தால், கண்ணாடி குளிர்ந்திருக்கிறது, காற்று ஈரமாக இருக்கிறது, அவ்வளவுதான். இரவு முழுக்க ஏசி அறையில் இருந்த கேமராவை விடியற்காலையில் வெளியே எடுத்தால் இதுதான் நடக்கும். ஏசி காரிலிருந்து ஆழியாறு அணைக்கரையில் இறங்கினாலும் இதேதான். இதற்குத் தேவையான துணைக்கருவி ஒரு பெரிய ஜிப்லாக் கவர். ஏசியை விட்டு வெளியே வருவதற்கு முன்பே கேமராவை அதில் போட்டு மூடிவிடுங்கள். ஆவி கவரின் வெளிப்புறத்தில் படியும், கேமரா உள்ளே மெதுவாகச் சூடேறும். அரை மணி நேரம் போதும், பெரிய டெலி லென்ஸ் என்றால் ஒரு மணி நேரம். அதுவரை லென்ஸை மட்டும் மாற்றாதீர்கள், ஆவி சென்சாரில் படிந்துவிடும்.

இரவில் நட்சத்திரங்களை எடுக்கும்போது வரும் ஆவி வேறு வகை. திறந்த வானத்தைப் பார்த்தபடி மணிக்கணக்கில் நிற்கும் கண்ணாடி, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். முதல் பத்துப் படம் பளிச்சென்று இருக்கும், அப்புறம் ஒவ்வொன்றாக மங்கும். இதற்கு ஜிப்லாக் கவர் உதவாது. லென்ஸைச் சுற்றிக் கட்டும் ஹீட்டர் பட்டை ஒன்று வேண்டும். யுஎஸ்பியில் ஓடும், பவர் பேங்க்கில் செருகிக்கொள்ளலாம். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க்கில் சுமார் 37 வாட்-ஹவர் மின்சாரம் இருக்கிறது, 5 முதல் 10 வாட் இழுக்கும் பட்டையை அது சில மணி நேரம் தாங்கும். பட்டையைக் கடைசியில் நினைத்துக் கட்டாமல், ஆவி படிவதற்கு முன்பே கட்டிவிடுங்கள். ஃபோகஸ் வளையத்தின் மேல் கட்டினால் ஃபோகஸ் நகர்ந்துவிடும், அந்த வளையத்துக்கும் லென்ஸின் முன் விளிம்புக்கும் நடுவே கட்டுங்கள்.

ஆவி லென்ஸுக்கு உள்ளே தெரிந்தால் ஈரம் புகுந்திருக்கிறது. காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல்லோடு ஓரிரு நாள் மூடி வையுங்கள். வெயிலில் வைப்பது, ஹேர் டிரையர் அடிப்பது, அரிசிப் பானைக்குள் புதைப்பது மூன்றும் வேண்டாம். அரிசியின் மாவுத் தூள் ஜூம் வளையத்துக்குள் போய் உட்கார்ந்தால் அது தனி வைத்தியம்.

மூன்றாவதுதான் மோசமானது. உள்ளே சிலந்தி நூல் மாதிரி மெல்லிய கிளைகள் ஓடினால் அது பூஞ்சை. தொடக்கத்தில் படத்தில் தெரியாது. சூரியனை நோக்கி எடுக்கும்போது மட்டும் கறுப்பு வெளிறும், பிறகு எல்லாப் படத்திலும் தெரியும். கண்ணாடியின் மேல்பூச்சை அது அரித்துவிட்டால் சர்வீஸில் சுத்தம் செய்தாலும் தடம் போகாது. அதனால் தெரிந்த வாரமே கொடுத்துவிட வேண்டும்.

பூஞ்சை மலையில் வருவதில்லை, வீட்டில்தான் வருகிறது. ட்ரெக் முடிந்து வந்த ஈரப் பையை அப்படியே அலமாரியில் வைத்து, அடுத்த பயணத்துக்குத்தான் திறப்போம். பையின் பஞ்சு ஈரத்தை வாரக்கணக்கில் பிடித்து வைத்திருக்கும். கேமராப் பை தூக்கிப் போவதற்கு மட்டும், வைத்திருப்பதற்கு அல்ல. சமையலறையில் இருக்கும் ரப்பர் விளிம்பு வைத்த டப்பா, அதற்குள் சிலிகா ஜெல், கூடவே ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர், இவ்வளவு போதும். மீட்டர் 40 முதல் 50 சதவீதம் காட்ட வேண்டும். 65-க்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். 30-க்குக் கீழே போகவும் விடக்கூடாது, ரப்பரும் உள்ளே உள்ள பசையும் காய்ந்துபோகும். நாலைந்து லென்ஸ் சேர்ந்த பிறகு மின்சார டிரை கேபினட் வாங்கலாம்.

சிலிகா ஜெல்லில் ஆரஞ்சு நிறத்தை வாங்குங்கள். ஈரம் குடித்ததும் பச்சையாகும். 110 முதல் 120 டிகிரி செல்சியஸில் ஓவனில் ஒன்றிரண்டு மணி நேரம் காயவைத்தால் மறுபடி ஆரஞ்சு. நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகும் பழைய வகையில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டாம்.

ட்ரைபாட் போட்டும் படம் ஆடியிருக்கிறது

படத்தை நூறு சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். எல்லாப் புள்ளிகளும் ஒரே திசையில் கோடாக இழுத்திருந்தால் கேமரா ஆடியிருக்கிறது. இலைகள் மட்டும் கலங்கி, பாறை கூர்மையாக இருந்தால் ஆடியது காற்றில் இலை. ஒரு குறிப்பிட்ட தூரத்தில் மட்டும் கூர்மை இருந்தால் அது ஃபோகஸ். பின்னவை இரண்டுக்கும் புது ட்ரைபாட் வாங்கிப் பயனில்லை.

கேமரா ஆடியதுதான் என்றால் இந்த வரிசையில் பாருங்கள்.

1. நடுத்தண்டை இறக்குங்கள். அதை முழுக்க உயர்த்தினால் மூன்று கால் ட்ரைபாட், ஒரு கால் கம்பத்தின் மேல் நிற்கும் கேமராவாக மாறிவிடுகிறது.
2. கால்களை நீட்டும்போது மேலே உள்ள தடித்த பகுதியை முதலில் இழுங்கள். அடியில் உள்ள மெல்லிய பகுதி கடைசித் தேவைக்கு.
3. கழுத்துப் பட்டையைக் கழற்றுங்கள், அல்லது சுருட்டிக் கட்டுங்கள். மலைக்காற்றில் அது படபடவென்று அடிக்கும், அந்த அதிர்வு அப்படியே படத்தில் வரும். பெரிய லென்ஸ் ஹூடும் காற்றைப் பிடிக்கும்.
4. இரண்டு விநாடி டைமர் வையுங்கள். விரல் பட்ட அதிர்வு அடங்கிவிடும். இதைப் பழகியவருக்குத் தனி ரிமோட் தேவையில்லை, 30 விநாடிக்கு மேல் ஷட்டரைத் திறந்துவைப்பவருக்கு மட்டும் வேண்டும்.
5. லென்ஸின் ஆட்டத் தடுப்பை அணையுங்கள். ட்ரைபாட்டைத் தானாகவே கண்டுகொள்ளும் லென்ஸ்களும் உண்டு, ஆனால் பழையவற்றில் அந்தத் தடுப்பே படத்தை ஆட்டும்.
6. கொக்கியில் பையைத் தொங்கவிடுகிறீர்களா? அந்தரத்தில் ஊசலாட விடாதீர்கள். பையின் அடி தரையை லேசாகத் தொட வேண்டும்.
7. நிற்கும் இடத்தைப் பாருங்கள். மரப்பாலம், இரும்புப் பலகை போட்ட காட்சிமேடை இவற்றில் பக்கத்தில் ஒருவர் நடந்தாலே போதும். ஆள் நடக்காத இடைவெளியில்தான் எடுக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆடினால் தலைப்பகுதியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப்பில் போனவர்களுக்கு அந்தப் பாதையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் குலுக்கலில் திருகுகள் கழன்றுவிடும். தலைக்கும் காலுக்கும் நடுவே உள்ள திருகு, கேமராவின் அடியில் மாட்டும் பிளேட்டின் திருகு, கால் மூட்டுகளின் திருகு மூன்றும்தான் வழக்கமாகத் தளரும். மேலே போய்ச் சேர்ந்து, சூரியன் எழுவதற்குள் இறுக்கிவிட எல் வடிவ ஆலன் கீ ஒன்று வேண்டும். ட்ரைபாட்டோடு வந்ததை மேஜை டிராயரில் போட்டிருப்பீர்கள். அதை எடுத்து ட்ரைபாட்டின் காலிலேயே டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். மொத்தத் துணைக்கருவிகளிலும் மதிப்பு அதிகமானது அதுதான் என்பது என் கட்சி.

செங்குத்தாகத் திருப்பினால் மட்டும் கேமரா மெதுவாகச் சரிகிறதா? அது பிளேட்டின் குறை. விளிம்பில் ஒரு தடுப்பு உதடு உள்ள பிளேட், இல்லையென்றால் உங்கள் கேமரா மாடலுக்கென்றே செய்த எல் பிராக்கெட் (அடியையும் பக்கத்தையும் பிடிக்கும் எல் வடிவப் பிளேட்) வாங்குங்கள். ஆர்கா ஸ்விஸ் வகை பிளேட் என்றால் பெரும்பாலான தலைகளில் பொருந்தும், பின்னால் தலையை மாற்றினாலும் வீணாகாது.

புது ட்ரைபாட்தான் வாங்குகிறீர்கள் என்றால் பெட்டியில் போட்டிருக்கும் ‘அதிகபட்ச உயரம்’ நடுத்தண்டை ஏற்றிய உயரம். தண்டை இறக்கிய உயரம் என்ன என்று கேளுங்கள், அது உங்கள் தாடை வரை வந்தால் நல்லது. கார்பன் ஃபைபர் எடை குறைவு, அதிர்வும் சீக்கிரம் அடங்கும், விலைதான் கடிக்கும். நாள் முழுக்க நடப்பவருக்கு அந்த விலை நியாயம், காரிலிருந்து இறங்கி நூறடி நடப்பவருக்கு அலுமினியமே போதும். தமிழ்நாடு வனத்துறை 2024-இல் 40 பாதைகளோடு தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டம் போல, வழிகாட்டியோடு குழுவாக நடக்கும் பாதைகளில் ஒவ்வொரு வளைவிலும் காலை விரித்து நிற்க விடமாட்டார்கள். அங்கே ஒன்றரைக் கிலோவைத் தூக்குவது பல சமயம் உடற்பயிற்சிக்குத்தான் ஆகும்.

மழைக்காலத்தில் ஒரு எச்சரிக்கை. வால்பாறைப் பக்கம் சோலைக்குள் தரையில் வைத்த ட்ரைபாட் வழியாக அட்டைகள் ஏறி வரும், நேராகக் கைக்கு. அதற்காகக் கையில் டீட் கலந்த பூச்சிவிரட்டியைத் தடவிக்கொண்டு கேமராவைத் தொடாதீர்கள். டீட் பிளாஸ்டிக்கையும் ரப்பர் பிடியையும் கரைத்து ஒட்டும் பசையாக்கிவிடும். காலில் அட்டை உறை போடுங்கள், கையைக் கழுவித் துடைத்துவிட்டுத் தொடுங்கள்.

இயற்கைக் காட்சி நன்றாக இருக்கிறது, விலங்கும் பறவையும் மட்டும் கூர்மையாக இல்லை

வால்பாறை அருகே புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்கு இலைக்கூரைக்குள் உட்கார்ந்திருக்கும், வெளிச்சம் அரைகுறை. 400 மி.மீ. லென்ஸ் க்ராப் சென்சார் (சின்ன சென்சார்) கேமராவில் 600 மி.மீ. அளவுக்கு நெருக்கிக் காட்டும், அதனால் கையில் பிடித்தால் ஷட்டர் 1/600 விநாடியாவது வேண்டும். தகவல் திரையில் 1/125 என்றிருந்தால் கோளாறு அங்கே தீர்ந்தது. ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறனை) ஏற்றினால் ஷட்டரை வேகமாக்கலாம், செலவு இல்லை.

பலரும் இந்த இடத்தில்தான் டெலிகன்வர்ட்டர் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டி இன்னும் நெருக்கிக் காட்டுவது) வாங்குகிறார்கள். 1.4 மடங்கு கன்வர்ட்டர் ஒரு ஸ்டாப் வெளிச்சத்தைச் சாப்பிடும், 2 மடங்கு இரண்டு ஸ்டாப்; ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது. எஃப் எண் பெரிதானால் லென்ஸ் உள்ளே விடும் வெளிச்சம் குறைவு, எஃப் 6.3 ஜூமில் 1.4-ஐ மாட்டினால் எஃப் 9 ஆகிவிடும். பல டிஎஸ்எல்ஆர்களில் எஃப் 8-க்கு மேல் ஆட்டோ ஃபோகஸே தடுமாறும், அதுவும் இருண்ட சோலையில். எஃப் 2.8, எஃப் 4 நிலைக்குவிய (ஜூம் இல்லாத) லென்ஸ் வைத்திருப்பவருக்கு அது நல்ல பொருள். மற்றவர்கள் அந்தக் காசில் ஒரு மோனோபாட் வாங்கலாம், நடக்கும்போது ஊன்றுகோலாகவும் ஆகும். ஜீப்பிலோ காரிலோ இருந்து எடுப்பவருக்கு ஜன்னல் விளிம்பில் வைக்கும் பீன் பேக். காலிப் பையாக எடுத்துப் போய், ஊர் போய்ச் சேர்ந்ததும் கடையில் ஒரு கிலோ அரிசியோ பயறோ வாங்கி நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஆழியாறு–வால்பாறைச் சாலையின் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் பட்டப்பகலில் எடுத்த வரையாட்டுப் படம் கலங்கியிருந்தால் முதலில் லென்ஸ் முன்னால் உள்ள மலிவு யூவி ஃபில்டரைக் கழற்றிவிட்டு எடுத்துப் பாருங்கள். நீண்ட லென்ஸில் அதன் குறை பெரிதாகத் தெரியும். அதுவும் இல்லையென்றால் சூடான பாறையிலிருந்து எழும் கானல், அதற்குக் கடையில் மருந்தில்லை. காலையில் சீக்கிரம் போக வேண்டும்.

அருவி வெறும் வெள்ளைத் திட்டாக விழுகிறது, அல்லது பட்டுப் போல வரவில்லை

இதற்கு என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) என்று எல்லோரும் சொல்வார்கள். வாங்குவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. நிழலான சோலை அருவியில் ஐஎஸ்ஓ 100, எஃப் 11 வைத்தால் ஷட்டர் 1/8 விநாடி வரை தானாகவே இறங்கும். அதில் பாலரைசர் ஃபில்டர் மாட்டினால் இன்னும் ஒன்றரை ஸ்டாப் குறைந்து 1/3 விநாடி. தண்ணீர் இழைஇழையாக வர அதுவே போதும். கூடவே ஈர இலையிலும் பாறையிலும் உள்ள பளபளப்பை பாலரைசர் அடக்கும், பச்சை பச்சையாக வரும். கம்ப்யூட்டரில் எவ்வளவு உழைத்தாலும் அதைக் கொண்டுவர முடியாது. ஒரே ஒரு ஃபில்டர் வாங்க முடியும் என்றால் பாலரைசர்தான்.

வெயில் விழும் திறந்த அருவிக்கு என்டி வேண்டும். ஆறு ஸ்டாப் என்டி வெளிச்சத்தை 64 மடங்கு குறைக்கும், 1/30 விநாடி இரண்டு விநாடியாகும். பத்து ஸ்டாப் ஆயிரம் மடங்கு, அதே 1/30 அரை நிமிடத்துக்கு மேல் போகும். அருவிக்கு அது அதிகம், தண்ணீரின் உருவமே போய்ப் புகையாகிவிடும். மேகம் ஓடும் காட்சிக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஃபில்டர் மாட்டியபின் வரும் கோளாறுகள் சில. மூலைகள் கறுத்தால் ஒன்றின் மேல் ஒன்றாக ஃபில்டர் அடுக்கியிருக்கிறீர்கள், யூவியைக் கழற்றுங்கள். வானத்தில் ஒரு பக்கம் மட்டும் அடர்நீலத் திட்டு வந்தால் 24 மி.மீ.-க்குக் குறைவான அகல லென்ஸில் பாலரைசர் போட்டிருக்கிறீர்கள், அங்கே அதைத் தவிர்க்க வேண்டும். படத்தின் குறுக்கே பெருக்கல் குறி போலக் கறுப்பு விழுந்தால் வேரியபிள் என்டியை (திருகினால் அடர்த்தி மாறும் வகை) அதன் எல்லைக்குத் திருகிவிட்டீர்கள், கொஞ்சம் பின்னால் வாருங்கள். டிஎஸ்எல்ஆரில் நீண்ட எக்ஸ்போஷரின்போது படத்தின் நடுவே ஊதா ஒளி கசிந்தால் அது வியூஃபைண்டர் வழியாக வருகிறது, அதை ஒரு துணியால் மூடுங்கள்.

அளவு விஷயத்தில் காசை மிச்சம் பிடிக்கலாம். லென்ஸின் முன்வளையத்தில் கோடு போட்ட வட்டக் குறிக்குப் பக்கத்தில் 67, 72, 77 என்று எண் இருக்கும். உங்களிடம் உள்ளவற்றில் பெரிய எண்ணுக்கு ஃபில்டர் வாங்குங்கள், சின்ன லென்ஸ்களுக்கு ஸ்டெப் அப் வளையம் போதும். வளையம் பித்தளை என்றால் அலுமினியம் போல இறுகிச் சிக்காது. சிக்கினால் ஓரத்தில் அகலமான ரப்பர் பேண்டைச் சுற்றி லேசாகத் திருகுங்கள். பலமாகப் பிடித்தால் வளையம் முட்டை வடிவாகி இன்னும் இறுகும்.

மழையில் கேமரா தானாக நின்றுவிடுகிறது, பொத்தான்கள் கேட்பதில்லை

உடனே அணைத்து, பேட்டரியைக் கழற்றி, காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல்லோடு மூடி வையுங்கள். சரியாகிவிட்டதா என்று ஆன் செய்து பார்க்கும் ஆசைதான் சர்க்யூட்டை எரிக்கும்.

வெதர் சீலிங் என்று எழுதியிருந்தால் தூறல் தாங்கும் என்று பொருள், தமிழ்நாட்டில் அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லாறு மழையைத் தாங்கும் என்று பொருளில்லை. லென்ஸின் பின்வளையத்தில் ரப்பர் விளிம்பு இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத லென்ஸை மாட்டினால் சீலிங் உள்ள கேமராவிலும் அந்த இடம் திறந்த வாசல். சில லென்ஸ்களுக்கு முன்னால் ஒரு ஃபில்டர் போட்டால்தான் சீலிங் முழுமையாகும், யூவி ஃபில்டருக்கு உருப்படியான வேலை அங்கே இருக்கிறது. மழை உறை வாங்கும்போது உள்ளே கை நுழைந்து ஜூமைத் திருக முடிகிறதா என்று பாருங்கள். அவசரத்துக்கு ஹோட்டல் ஷவர் கேப்பே போதும்.

பையின் மழை உறையை ரொம்ப நம்பாதீர்கள். முதுகுப் பக்கம் திறந்துதான் இருக்கும், தண்ணீர் கழுத்து வழியாக இறங்கி அங்கே ஊறும், வியர்வை வேறு. பைக்குள்ளே பெரிய குப்பைக் கவர் ஒன்றை விரித்து அதற்குள் கேமராவை வையுங்கள்.

பேட்டரி பாதியில் படுத்துவிடுகிறது

ஜனவரியில் நீலகிரியின் அவலாஞ்சிப் பக்கம் பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிரில் 40 சதவீதம் காட்டிய பேட்டரி சட்டென்று அணைந்தால் அது கெட்டுப்போகவில்லை, குளிர்ந்திருக்கிறது. உள்பையில் உடம்போடு ஒட்டி வைத்துச் சூடேற்றினால் மறுபடி ஓடும். உதிரியை எப்போதும் அங்கேதான் வைக்க வேண்டும். சாதாரண வெப்பத்திலும் படுத்தால் வைஃபை, ஜிபிஎஸ் இரண்டையும் அணைத்துப் பாருங்கள். அப்புறம் வாங்குவது உதிரி பேட்டரியா பவர் பேங்க்கா என்றால், பகல் நடைக்கு உதிரி, முகாமில் தங்கினால் பவர் பேங்க். கேமரா யுஎஸ்பி சி வழியாகச் சார்ஜ் ஏற்குமா, அதற்கு ‘பவர் டெலிவரி’ (PD) வகை பவர் பேங்க் வேண்டுமா என்று கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள். விமானத்தில் உதிரி பேட்டரியும் பவர் பேங்க்கும் கைப்பையில் மட்டும்தான், முனைகளை மூடி.

‘கார்டு எரர்’, அல்லது வீடியோ தானாக நிற்கிறது

எரர் வந்தால் கார்டின் பக்கவாட்டுப் பூட்டு நகர்ந்திருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அந்தக் கார்டில் இனி எதுவும் எடுக்காமல் தனியே வைத்துவிடுங்கள், அப்போதுதான் வீட்டில் படங்களை மீட்க வாய்ப்பிருக்கும். வீடியோ நின்றால் கார்டின் மேல் பெரிதாக எழுதிய வேகத்தைப் பார்க்காதீர்கள், அது படிக்கும் வேகம். வி30, வி60 என்று சின்னதாக இருப்பதுதான் குறைந்தபட்ச எழுதும் வேகம், விநாடிக்கு மெகாபைட்டில். 100 மெகாபிட் 4கே வீடியோவுக்கு எட்டால் வகுத்தால் 12.5 மெகாபைட், வி30 தாராளம். 256 ஜிபி ஒன்றைவிட 64 ஜிபி நாலு நல்லது, ஒன்று போனாலும் மூன்று மிஞ்சும்.

கழுத்து வலிக்கிறது, கேமராவை எடுப்பதற்குள் காட்சி போய்விடுகிறது

இரண்டும் ஒரே கோளாறு. கழுத்தில் மாட்டினால் வலி, பைக்குள் வைத்தால் தாமதம். பையின் தோள்பட்டையில் மாட்டும் கிளிப் ஒன்று வாங்குங்கள், கேமரா நெஞ்சோடு நிற்கும், ஆடாது, ஒரு அழுத்தில் கைக்கு வரும். பட்டை மிக அகலமாகவோ பஞ்சாகவோ இருந்தால் கிளிப் பிடிக்காது, அதனால் பையைக் கடைக்குத் தூக்கிப்போய் மாட்டிப் பாருங்கள். ஒரு கிலோவுக்கு மேல் உள்ள லென்ஸுக்குத் தோள்பட்டை கிளிப் வேண்டாம், ஒரு பக்கமாக இழுத்து நடையே கோணும். அதற்கு இடுப்புப் பட்டை உள்ள பை வேண்டும். பட்டையை இடுப்பு எலும்பின் மேல் இறுக்கிவிட்டுத் தோள்பட்டையைக் கொஞ்சம் தளர்த்துங்கள். எடை தோளிலிருந்து இறங்குவது உடனே தெரியும். தெரியவில்லை என்றால் பை உங்கள் முதுகின் நீளத்துக்குப் பொருந்தவில்லை, வேறு அளவு கேளுங்கள்.